பழவங்காடி கணபதி முதல் லெபனான் வரை: இராணுவக் கூட்டணியில் சேராத இந்தியா, அமைதிப்படைக்கு வீரர்களை அனுப்புவது ஏன்?

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கி பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்லும் தமிழகப் பக்தர்கள் பலரும், அருகிலுள்ள பழவங்காடி கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டே செல்வது வழக்கம். அந்தக் கோயிலை நிர்வகிப்பது தேவஸ்வம் வாரியமோ தனியார் அறக்கட்டளையோ அன்று, இந்திய இராணுவம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது ஐயமே.

திருவிதாங்கூர் அரசின் நாயர் படை வீரர்கள் பத்மநாபபுரத்தில் வழிபட்டுவந்த கணபதி இவர். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, படையுடன் தெய்வமும் இடம்பெயர்ந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர் திருவிதாங்கூர்ப் படைகள் இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டுடன் இணைக்கப்பட்டன. முதலாம் திருவிதாங்கூர்ப் பட்டாளம் அந்த ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாளமாகவும், இரண்டாவது பட்டாளம் 16-ஆவது பட்டாளமாகவும் ஆயின. படையோடு கோயிலும் புதிய உரிமையாளரிடம் வந்து சேர்ந்தது.

ஒரு சிறிய நாடு வல்லரசு ஒன்றுடன் இராணுவ உடன்படிக்கை செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கோட்டைச் சுவர்களுக்குள் ஒரு முழு வரலாறு இருக்கிறது. நேட்டோ போன்ற எந்தக் கூட்டணியிலும் இந்தியா ஏன் சேரவில்லை, ஆனால் ஐ.நா. அமைதிப்படைக்கு மட்டும் ஏன் இத்தனை வீரர்களை அனுப்புகிறது என்ற கேள்விக்கு விடை தேடுவோர் அந்த வரலாற்றிலிருந்து தொடங்கலாம்.

கோட்டைக்குள் கையெழுத்தான அடிமைத்தனம்

1741-இல் குளச்சலில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அங்கு சிறைபிடிக்கப்பட்ட டி லனாய் என்ற தளபதியே பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். அவரது கல்லறை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் உள்ளது. அந்நியர் துணையின்றி ஓர் ஐரோப்பியப் படையை எதிர்த்து நிற்கும் வலிமை அன்று இந்த நாட்டுக்கு இருந்தது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. மைசூரின் எழுச்சி திருவிதாங்கூரை அச்சுறுத்தியது. மார்த்தாண்ட வர்மாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த தர்மராஜா, 1788-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் இரண்டு பட்டாளங்களைத் தம் எல்லையில் நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவற்றின் செலவு திருவிதாங்கூருடையது. 1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டை எனப்பட்ட வடக்கு எல்லை அரணைத் தாக்கியபோது, அந்த முதல் தாக்குதலை முறியடித்தவர்கள் திருவிதாங்கூர் வீரர்களே. நட்பு நாடு தாக்கப்பட்டதைக் காரணம் காட்டி, காரன்வாலிஸ் 1790-இல் மைசூர் மீது போர் தொடுத்தார். போர் முடிந்து மைசூரின் பாதி நிலத்தைக் கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் பங்கிட்டுக்கொண்டனர். திருவிதாங்கூருக்கோ போர்ச் செலவு குறித்த கோரிக்கையே வந்தது.

1795-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கம்பெனியின் மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களுக்கும் ஒரு பீரங்கிப் பிரிவுக்கும் ஆகும் செலவை மன்னர் ஆண்டுதோறும் ஏற்க வேண்டும். கம்பெனிக்குப் போர் வந்தால் தம் படையையும் அனுப்ப வேண்டும். பத்து ஆண்டுகளில், 1805 ஜனவரியில், இரண்டாவது உடன்படிக்கை வந்தது. ஆண்டுக் கட்டணம் சுமார் 8 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. கட்டணம் நிலுவையில் விழக்கூடும் என்று கம்பெனி கருதினால் உள்நாட்டு நிர்வாகத்திலேயே தலையிடலாம் என்ற விதியும் அதில் சேர்க்கப்பட்டது. வரலாற்று நூல்கள் இதனைத் துணைப்படைத் திட்டம் என்கின்றன. காவலுக்கு வந்தவனுக்குக் கூலி கொடுக்க முடியாமல் வீட்டையே எழுதிக்கொடுத்த கதை என்று சொன்னாலும் பிழையில்லை.

அந்த உடன்படிக்கைக்கு இசைந்த திவான்தான் வேலுத்தம்பி தளவாய். தற்போதைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தைச் சேர்ந்தவர். செலவைக் குறைப்பதற்காகப் படியைக் குறைத்ததால் 1804-இல் சொந்தப் படையின் கிளர்ச்சியைச் சந்தித்தவரும் அவரே. கட்டண நிலுவைக்காக ரெசிடென்ட் மெக்காலே கொடுத்த நெருக்கடி அவரை எதிர்முகாமுக்குத் தள்ளியது. 1809 ஜனவரியில் குண்டறையில் போர் அறைகூவல் வெளியிட்டார். அடுத்த மாதமே கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணைத் தகர்த்து உள்ளே புகுந்தது. மண்ணடியில் தளவாய் உயிர்நீத்தார். அதன்பின் திருவிதாங்கூர்ப் படை பெருமளவில் கலைக்கப்பட்டு, சிறிய நாயர் படைப் பிரிவு மட்டுமே எஞ்சியது. கிழக்கேகோட்டையிலிருந்து வடக்கே செல்லும் மகாத்மா காந்தி சாலையில், தலைமைச் செயலகத்தின் முன் இன்று நிற்பது அந்தத் தளவாயின் சிலை.

1947-க்குப் பின் எடுத்த முடிவு

துணைப்படைத் திட்டத்தால் தன்னுரிமை இழந்தது திருவிதாங்கூர் மட்டுமன்று. ஐதராபாத், அவத், மைசூர், தஞ்சாவூர் எனப் பட்டியல் நீளும். இரு உலகப் போர்களிலும் இந்திய வீரர்கள் இலட்சக்கணக்கில் கடல்கடந்து போரிட்டனர். அந்தப் போர்களில் இறங்கும் முடிவை இந்தியர்கள் எடுக்கவில்லை. 1939-இல் இந்தியா போரில் இறங்கியதாக வைஸ்ராய் அறிவித்தபோது மாகாண அரசுகளைக்கூடக் கலந்தாலோசிக்கவில்லை. அதனை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின.

இந்தப் பின்னணியை மறந்துவிட்டால் அணிசேராக் கொள்கை வெறும் இலட்சியவாதமாகவே தோன்றும். 1949 ஏப்ரலில் நேட்டோ உருவானது. அதன் ஐந்தாவது பிரிவு, ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதலை அனைத்து நாடுகளின் மீதான தாக்குதலாகக் கருதும். அடுத்த சில ஆண்டுகளில் பாகிஸ்தான் சீட்டோ, சென்டோ ஆகிய அமெரிக்க ஆதரவுக் கூட்டணிகளில் சேர்ந்தது. இந்தியா எதிலும் சேரவில்லை. தன் வீரர் எப்போது, எங்கே, யாருக்காகச் சாவார் என்பதை வேறொரு தலைநகரம் முடிவு செய்வதைப் புதிய குடியரசு ஏற்கத் தயாராக இல்லை.

இந்தக் கொள்கையில் விரிசல்கள் இல்லாமல் இல்லை. 1962 நவம்பரில் சீனப் படை முன்னேறியபோது, நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதி விமானப்படை உதவி கேட்டார். 1971 ஆகஸ்ட் 9-இல் சோவியத் யூனியனுடன் 20 ஆண்டு நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானது. தாக்குதல் அச்சுறுத்தல் வந்தால் இரு நாடுகளும் உடனே கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அதன் ஒன்பதாவது பிரிவு. கலந்தாலோசிப்பது வேறு, சேர்ந்து போரிடுவது வேறு என்று அப்போதே டெல்லி விளக்கம் தந்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவுடன் 2016, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் இராணுவ வசதிப் பகிர்வு, தகவல் தொடர்பு, நிலவியல் தரவு ஆகியவை குறித்த ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் இடம்பெற்ற குவாட் அமைப்பிலும், சீனாவும் ரஷ்யாவும் இடம்பெற்ற ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் இந்தியா ஒரே நேரத்தில் உறுப்பினராக உள்ளது. இவற்றில் எதுவும் பிறருக்காகப் போரிடும் கடமையை இந்தியா மீது சுமத்தவில்லை.

திருவனந்தபுரத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1950-களில் ஐ.நா.வில் இந்தியாவின் குரலாக விளங்கிய வி.கே. கிருஷ்ண மேனன், 1971-இல் இந்தத் தொகுதியிலிருந்தே சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1974-இல் மறையும்வரை உறுப்பினராக இருந்தார். 2009 முதல் இத்தொகுதியின் உறுப்பினராக உள்ள சசி தரூர், 1989 முதல் 1996 வரை ஐ.நா. தலைமையகத்தில் அமைதிகாப்புப் பிரிவில் பணியாற்றியவர். அன்றைய யூகோஸ்லாவியப் போர்க்கால நடவடிக்கைகளைக் கவனித்தவர்.

துப்பாக்கிக்குப் பதில் மருத்துவர்கள்

கூட்டணி வேண்டாம் என்றால் உலகப் பிரச்சினைகளிலிருந்து ஒதுங்கியே இருப்பதா? 1950-இல் கொரியப் போர் அந்தக் கேள்வியை எழுப்பியது. வட கொரியாவின் படையெடுப்பைக் கண்டித்த இந்தியா, அமெரிக்கத் தலைமையிலான ஐ.நா. படைக்குப் போர்வீரர்களை அனுப்ப மறுத்தது. மாறாக 60-ஆவது வான்குடை மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், தமிழர். 1951 மார்ச்சில் முன்சான் பகுதியில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் அவரது குழுவும் குதித்து, போர்க்களத்திலேயே அறுவைச் சிகிச்சைகள் செய்தது. அவருக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

அதைவிடக் கடினமான பணி போர்நிறுத்தத்தின்போது வந்தது. தாய்நாடு திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை யார் பொறுப்பேற்பது என்பதில் பேச்சுவார்த்தை நீண்டகாலம் முடங்கிக் கிடந்தது. 1952-இல் கிருஷ்ண மேனன் ஐ.நா.வில் கொண்டுவந்த யோசனையை ஒட்டியே 1953-இல் தீர்வு கிட்டியது. நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு ஜெனரல் கே.எஸ். திம்மய்யா தலைவரானார். கைதிகளைக் காவல் காக்க மேஜர் ஜெனரல் தோரட் தலைமையில் இந்தியப் படை சென்றது. இந்தியா மீது நம்பிக்கையில்லாத தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, அந்த வீரர்கள் தம் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றார். எனவே அவர்கள் இஞ்சான் கடற்பகுதியிலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றப்பட்டு, படைவிலக்கப் பகுதிக்கு நேரடியாகக் கொண்டுசெல்லப்பட்டனர். எந்தத் தரப்பையும் சாராதிருந்ததால் இரு தரப்பின் வசையும் கிடைத்தது. ஆயினும் பெரிய இரத்தக்களரி இன்றிப் பணி முடிந்தது. இரு கொரியாக்களுக்கோ சீனாவுக்கோ செல்ல விரும்பாத 80-க்கும் மேற்பட்ட கைதிகள், படையுடன் கப்பலேறி இந்தியாவுக்கே வந்துவிட்டனர்.

இராணுவக் கூட்டணிக்கும் அமைதிகாப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் புலப்படுகிறது. கூட்டணிக்கு எதிரி உண்டு. அமைதிப்படைக்கு எதிரி இருக்கக் கூடாது என்பதே விதி. மோதும் தரப்புகளின் இசைவு, நடுநிலை, தற்காப்புக்கும் ஒப்படைக்கப்பட்ட பணியைக் காப்பதற்கும் தவிர ஆயுதம் பயன்படுத்தாமை ஆகிய மூன்றுமே அதன் அடிப்படைகள். வியப்புக்குரிய செய்தி, ஐ.நா. சாசனத்தில் ‘அமைதிகாப்பு’ என்ற சொல்லே கிடையாது. சமரசம் பேசும் ஆறாவது அத்தியாயத்துக்கும், படைபலத்தை அனுமதிக்கும் ஏழாவது அத்தியாயத்துக்கும் இடையில் தேவையின் பொருட்டு உருவான ஏற்பாடு இது.

1956-இல் சூயஸ் நெருக்கடியைத் தொடர்ந்து காசாவிலும் சினாயிலும் நிறுத்தப்பட்ட முதல் ஐ.நா. படையில் இந்தியப் பட்டாளம் இறுதிவரை இருந்தது. 1967 மே மாதம் எகிப்து அந்தப் படையை வெளியேறச் சொன்னது. இசைவு இல்லையென்றால் பணியும் இல்லை. வீரர்கள் கிளம்பி முடிப்பதற்குள் ஜூன் மாதப் போர் வெடித்து, பத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அதில் உயிரிழந்தனர். காங்கோவில் நிலைமை வேறு. அங்கே 1961-இல் படைபலத்தைப் பயன்படுத்த ஐ.நா.வே அனுமதித்தது. எலிசபெத்வில் நகரில் அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று வீரமரணம் அடைந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவே, ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். கொரியாவில் கைதிகளைக் காத்த திம்மய்யாவும் ஐ.நா. பணியிலேயே, 1965 டிசம்பரில் சைப்ரஸில் காலமானார்.

ஐ.நா. கொடி இல்லாத அமைதிப்படை

தமிழ் வாசகர்களுக்கு ‘அமைதிப்படை’ என்ற சொல் காங்கோவையோ சைப்ரஸையோ நினைவூட்டாது. 1987 ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்குச் சென்ற இந்திய அமைதிகாக்கும் படையே நினைவுக்கு வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் தன்மை வேறு. அது ஐ.நா.வின் தீர்மானத்தால் சென்றதன்று. இரு அரசுகளின் உடன்பாட்டால் சென்றது. மோதலின் முக்கியத் தரப்பான விடுதலைப் புலிகள் அந்த உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை.

இசைவு இல்லாத இடத்தில் நடுநிலை நிலைக்கவில்லை. தமிழர்களைக் காக்கச் சென்றதாகக் கருதப்பட்ட படை, 1987 அக்டோபர் 10 முதல் தமிழ்ப் போராளிகளுடன் போரில் இறங்கியது. அதே மாதம் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் உள்ளிட்ட பலர் கொல்லப்பட்ட நிகழ்வு, அந்நகர மக்கள் இன்றும் நினைவுகூரும் துயரம். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அழைத்த அரசிலும் ஆள் மாறினார். 1989-இல் அதிபர் பிரேமதாச வெளியேறுமாறு கோரினார். 1990 மார்ச் 24-இல் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பலேறினர். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. அதற்கடுத்த ஆண்டு மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார்.

ஐ.நா. தீர்மானம் இல்லாமல் வேறொரு நாட்டுக்குள் நீண்டகாலத்துக்குப் படை அனுப்புவதில் டெல்லி இன்றுவரை காட்டும் தயக்கத்துக்கு இந்த அனுபவமே முதன்மைக் காரணம். 2003-இல் ஈராக்குக்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா.வின் தெளிவான ஒப்புதல் இருந்தால் மட்டுமே பரிசீலிக்க முடியும் என்று வாஜ்பாய் அரசு மறுத்தது.

யார் முடிவெடுக்கிறார்கள், யார் செல்கிறார்கள்

இந்திய அரசின் கணக்குப்படி, இதுவரை 50-க்கும் மேற்பட்ட ஐ.நா. பணிகளில் 2.9 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பங்கேற்றுள்ளனர். ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்துள்ளனர். எந்த நாடும் இவ்வளவு வீரர்களை ஐ.நா. கொடியின்கீழ் இழந்ததில்லை. 2007-இல் லைபீரியாவுக்கு முழுவதும் பெண்களைக் கொண்ட காவல் பிரிவை முதன்முதலில் அனுப்பியதும் இந்தியாவே. பெருமைக்குரிய பக்கம் மட்டுமே உள்ளது என்று கூறிவிட முடியாது. காங்கோவில் பணியாற்றிய இந்தியப் படையினர் சிலர் மீது பாலியல் அத்துமீறல் புகார்கள் எழுந்து, ஐ.நா. விசாரணைக்கு உள்ளாயின.

பணத்துக்காகவே படை அனுப்பப்படுகிறது என்ற விமர்சனமும் உண்டு. ஒரு வீரருக்கு மாதம் 1,428 டாலர் என்று 2018-இல் ஐ.நா. நிர்ணயித்த தொகை, வீரரின் கைக்கு நேரடியாகச் செல்வதன்று. அவரை அனுப்பும் அரசுக்குச் செல்வது. சிறிய பொருளாதாரங்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க வருவாய். இந்தியாவின் பாதுகாப்பு வரவுசெலவுத் திட்டத்தின் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகையே. பாதுகாப்பு கவுன்சிலில் நிரந்தர இடம் கோரும் நாட்டுக்கு, ‘நாங்கள் இரத்தம் சிந்தியிருக்கிறோம்’ என்று சொல்ல முடிவதே உண்மையான ஆதாயம் எனலாம். அந்த வாதம் இதுவரை இடத்தைப் பெற்றுத்தரவில்லை.

இந்தியாவின் மனக்குறை வேறிடத்தில் உள்ளது. எந்த நாட்டில் படை இறங்க வேண்டும், அதன் அதிகாரம் என்ன, எப்போது திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது பாதுகாப்பு கவுன்சிலின் 15 நாடுகள். வீட்டோ அதிகாரம் ஐவரிடம். செலவில் பெரும்பங்கை ஏற்பவை அமெரிக்காவும் சீனாவும். களத்துக்கு வீரர்களை அதிக அளவில் அனுப்புவனவோ நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, இந்தியா போன்ற நாடுகள். உறுப்பினர் அல்லாத நாட்டின் படையைப் பயன்படுத்தும் முன் அந்த நாட்டை முடிவெடுப்பதில் பங்கேற்க அழைக்க வேண்டும் என்று கூறும் சாசனத்தின் 44-ஆவது பிரிவை இந்தியா பலமுறை சுட்டிக்காட்டிவருகிறது. திருவிதாங்கூரின் 1795 உடன்படிக்கையை நினைவில் வைத்திருப்போருக்கு இந்தக் கோரிக்கை அந்நியமாகத் தோன்றாது.

இந்த இடைவெளி உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை 2000-ஆம் ஆண்டு சியரா லியோன் உணர்த்தியது. அமைதி ஒப்பந்தத்தைக் கிளர்ச்சிக் குழு மீறியதால், கைலாஹூன் என்ற இடத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் சுமார் இரண்டரை மாதங்கள் முற்றுகையில் சிக்கினர். ஜூலையில் ‘ஆபரேஷன் குக்ரி’ என்ற நடவடிக்கை மூலம் அவர்கள் மீட்கப்பட்டனர். பிற நாட்டுத் தளபதிகளுடன் எழுந்த பூசலுக்குப் பின் இந்தியா அந்தப் பணியிலிருந்தே விலகியது. 2022 ஜூலையில் காங்கோவின் புடெம்போ நகரில், ஐ.நா.வுக்கு எதிராகப் பொதுமக்கள் நடத்திய போராட்டம் வன்முறையாக மாறியதில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் கொல்லப்பட்டனர். காக்கச் சென்ற மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது, அமைதிகாப்பு முறைக்கே விடப்பட்ட எச்சரிக்கையாகக் கருதப்படுகிறது.

நிதி நெருக்கடியால் களத்திலுள்ள அமைதிப்படையினரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரைக் குறைக்கப்போவதாக 2025 அக்டோபரில் ஐ.நா. தெரிவித்தது. அதே மாதம் படை அனுப்பும் நாடுகளின் இராணுவத் தலைமைத் தளபதிகள் மாநாட்டை இந்திய இராணுவம் டெல்லியில் நடத்தியது.

தெற்கு லெபனானில் 1998 முதல் இந்தியப் பட்டாளங்கள் சுழற்சி முறையில் பணியாற்றிவருகின்றன. 2024 அக்டோபரில் இஸ்ரேலியப் படையின் தாக்குதலுக்கு அங்குள்ள ஐ.நா. நிலைகள் உள்ளானபோது இந்தியா கவலை தெரிவித்தது. அந்தப் பணியை 2026 டிசம்பர் 31-உடன் முடித்து, அடுத்த ஓராண்டுக்குள் வீரர்களைத் திரும்பப் பெறப் பாதுகாப்பு கவுன்சில் 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது. அந்த வாக்கெடுப்பில் இந்தியாவுக்கு வாக்கு இல்லை. கவுன்சிலின் நிரந்தரமற்ற இடத்துக்கு அது அடுத்துப் போட்டியிடுவது 2028-29 காலத்துக்காகும்.